பேர் வெட்டிய பிறகு

தேயிலைத் தோட்டத்தில் முதுமை ஆபீசில்தான் தொடங்குகிறது. செக்ரோல் என்னும் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில் ஒருவருடைய பேர் வெட்டப்படும் நாள் அது. அதுவரை மாதாமாதம் சம்பளத் துண்டில் கழிந்துகொண்டிருந்தவை எல்லாம் அன்றோடு நிற்கும். சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, கோயில் பணம், மரண உதவிச் சங்கப் பணம், தேயிலைத் தூளுக்கான பிடிப்பு என்று அந்தப் பட்டியல் நீளும். ஒரு காலத்தில் சலவைக்காரருக்கும் முடி திருத்துபவருக்கும் கொடுக்க வேண்டியதைக்கூட ஆபீசே பிடித்துக் கொடுத்தது. கழிவு நின்றால் லாபம்தானே என்று வெளியார் நினைக்கலாம். அந்தக் கழிவுகள்தாம் அவரைக் கோயிலோடும் சங்கத்தோடும் தலைவரோடும் கட்டி வைத்திருந்த கயிறு என்பது பேர் வெட்டிய பிறகுதான் தெரியவரும்.

நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன், மஸ்கெலியா பக்கத் தோட்டங்களில் ஓய்வுபெற்றவர்கள் எப்படிக் கூடி வாழ்கிறார்கள் என்று ஆராயப் புகுந்தால் முதலில் கால் இடறுவது இந்த இடத்தில்தான். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். ஆசியாவில் வேகமாக முதுமை அடைந்துவரும் நாடுகளில் இதுவும் ஒன்று. மலையகத்தைப் பற்றிய பேச்சோ பெரும்பாலும் சம்பளம், வீடு, பிள்ளைகளின் படிப்பு என்றே ஓடுகிறது. வேலை முடிந்தவர் என்ன செய்கிறார், யாரோடு உட்கார்ந்து பேசுகிறார், நோயில் விழுந்தால் யார் கதவைத் தட்டுகிறார்கள் என்பதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை.

கிளப் என்றால் மலையகத்துக்குப் பஞ்சமே இல்லை. கண்டியில் 1854 இல் தோட்டத்துரைமார் சங்கம் தோன்றியது. நுவரெலியாவில் ஹில் கிளப் 1876 இல் எழுந்தது. 1889 இல் கோல்ப் கிளப்பும் வந்துவிட்டது. டிக்கோயாப் பக்கத் துரைமாருக்கு டரவளையில் ஒரு மைதானம், திம்புள்ளைப் பக்கத்தாருக்கு ரதல்லையில் ஒன்று. ஹில் கிளப்பில் மாலை ஏழு மணிக்கு மேல் கோட்டும் டையும் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது என்ற விதி, வெள்ளைக்காரர் போய்ப் பல பத்தாண்டு கழிந்த பின்பும் கைவிடப்படவில்லை.

இந்தக் கிளப்புகள் ஏன் தோன்றின என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு துரை ஒரு மலையில், அடுத்தவர் மூன்று மலை தள்ளி. வாரம் முழுக்கத் தன் மொழியில் பேச ஆளில்லாத இளைஞர்கள். குதிரையிலோ கால்நடையாகவோ சனிக்கிழமை ஓரிடத்துக்கு வந்து சேராவிட்டால் தனிமையே தின்றுவிடும். வேலைக்காலத் தனிமைக்கு மருந்தாக வந்தவை அந்தக் கிளப்புகள். வயதான பிறகு துரைமாரில் பெரும்பாலோர் கப்பலேறிப் போனார்கள். போகாமலே இங்கு இறந்தவர்கள் சிலர் டிக்கோயாவில் 1878 இல் கட்டப்பட்ட வார்லி தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி படுத்திருக்கிறார்கள்.

தொழிலாளிக்கு வாய்த்த சிக்கல் இதற்கு நேர்மாறானது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா என்னும் ஒற்றை அறை, அதன் முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு என்னும் திண்ணை, ஒரே கூரைக்குக் கீழ் பத்துப் பன்னிரண்டு குடும்பம்; இதுதான் லயம். முதுகோடு முதுகு ஒட்டிய லயமென்றால் அதற்கு இரண்டு மடங்கு. பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாது. ஒரு வீட்டுக் கிழவரின் இருமல் மூன்றாம் வீட்டில் கேட்கும். இவர்களுக்குக் கூடுவதற்கு இடம் தேவைப்படவில்லை, விலகி இருக்கத்தான் இடமில்லை. ஆகவே லயத்தில் கிளப் முளைக்கவில்லை. முளைத்த சங்கங்கள் வேறு வகை. சாவுக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று. துரைமார் கிளப்போடு தொழிலாளிக்கு இருந்த தொடர்பெல்லாம் சமையலறைப் பக்கம்தான்; பந்து பொறுக்கவும் பாத்திரம் கழுவவும் போனவர்கள்.

ஓய்வுக்காலக் குடியிருப்பு என்று இன்று உலகம் சொல்வது வேறொன்று. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் டெல் வெப் என்ற கட்டடக்காரர் 1960 ஜனவரி 1 ஆம் திகதி சன் சிட்டி என்ற ஊரைத் திறந்தார். வயதானவர்களுக்கு மட்டும் வீடு. நடுவே கோல்ப் மைதானம், நீச்சல் குளம், தையலுக்கும் தச்சு வேலைக்கும் நாட்டியத்துக்கும் தனித்தனிச் சங்கம். கோயம்புத்தூரைச் சுற்றிலும் இப்போது அதன் தமிழ் வடிவங்கள் எழுந்துவிட்டன. பொதுச் சாப்பாட்டுக் கூடம், கோயில், கூப்பிட்ட குரலுக்கு மருத்துவர் எல்லாம் ஒரு வளவுக்குள்ளேயே கிடைக்கும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் வீட்டை விற்றுவிட்டுக் காசு கொடுத்து அயலாரை வாங்கிக்கொள்கிறார்கள் என்று சற்றுக் குறும்பாகச் சொல்லலாம்.

தோட்டத்தில் யாரும் எங்கும் குடிபெயர்வதில்லை. பிறந்த லயத்திலேயே, பலர் பிறந்த காம்பராவிலேயே, முதுமை வந்து சேர்கிறது. அயலார் என்பவர்கள் கூடவே கொழுந்தெடுத்தவர்கள், கூடவே பட்டினி கிடந்தவர்கள், பாதிப்பேர் சம்பந்திமார். இந்தியாவின் தேயிலை மலைகளை ஒப்பிட்டால்தான் இது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். அங்கே 1951 இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலையில் உள்ளவருக்கும் அவர் குடும்பத்துக்குமே வீடு தருகிறது. வேலை முடிந்தால் வீட்டை விட வேண்டும். 1964 இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா உடன்பட்டது. அப்படித் திரும்பிப் போனவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தொடங்கிய டேன்டீ தோட்டங்களில், ஓய்வு பெற்றவர்கள் லயத்தைக் காலி செய்ய வேண்டிய பிரச்சினை ஆண்டுக்கணக்காக நீண்டது. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில் 2024 இல் ஒரு தோட்டமே விருப்ப ஓய்வு என்ற பெயரில் மூடப்பட்டது. நான்கு தலைமுறையாக மலையில் இருந்தவர்களை அடிவாரத்துக்கு இறங்கச் சொன்னார்கள். ஹட்டனிலிருந்து போய்க் கோத்தகிரியில் முதுமை அடைந்தவர் இரண்டு முறை ஊர் இழந்தவராகிறார்.

இலங்கையில் அப்படி யாரும் உடனே வெளியேற்றப்படுவதில்லை. மகனோ மருமகளோ செக்ரோலில் இருக்கும்வரை வீடு குடும்பத்தோடு நிற்கும். ஒருவருமே தோட்டத்தில் வேலை செய்யாத குடும்பங்களும் லயத்தில் ஏராளமாக உண்டு. பெரும்பாலும் நிர்வாகம் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறது. ஆனால் அது சலுகை, உரிமை அல்ல. 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு நிலம் அரசுடையது. 1992 முதல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளிடம். காம்பரா கம்பெனியின் பொறுப்பில். வாழ்நாள் முழுவதும் அதில் இருந்த முதியவரிடம் ஒரு துண்டுக் கடுதாசிகூடக் கிடையாது. பேர் வெட்டிய பிறகு அவர் தன் வீட்டிலேயே இன்னொருவர் பேரில் குடியிருப்பவர். வீட்டுக்குள் அவருடைய சொல்லுக்கு இருந்த எடை குறைவதற்கும் இதுவே ஒரு காரணம். அயலாரிடம் ஒரு நாற்காலி கேட்கவும் மருமகளின் முகத்தைப் பார்க்க வேண்டிய நிலைமை சிலருக்கு வந்துவிடுகிறது.

காசு விஷயத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். 1958 இன் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தோட்டம் 12 வீதமும் கட்டுகின்றன. 1980 இன் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னொரு 3 வீதம் தோட்டத்தின் பங்கு. 1983 இன் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு 14 நாள் சம்பளம். 2024 இல் அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் 30 ஆண்டு உழைத்தவருக்குப் பணிக்கொடை 5,67,000 ரூபாய் வரும். சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். 2021 இல் வந்த சட்டம் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது.

கேட்பதற்குப் பெரிய தொகைதான். கைக்கு வந்தபின் அது தங்குவதில்லை. கூரைத் தகரம் மாற்ற வேண்டும், மகள் கல்யாணக் கடன் அடைக்க வேண்டும், மகனுக்கு ஆட்டோ எடுக்க முற்பணம் கட்ட வேண்டும். மாதாமாதம் வருகிற பென்சன் என்று ஒன்று இல்லை. இதன் விளைவு பணத்தோடு நிற்பதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தபால், ரயில்வே ஊழியர்களும் ஓய்வூதியர் சங்கம் வைத்திருக்கிறார்கள். ஒக்டோபர் 8 ஆம் திகதி அவர்களுக்கென்று தேசிய தினமே உண்டு. மாதம் ஒரு முறை பணம் வருவதால் அதைப்பற்றிக் கூடவும் கோரவும் காரணம் கிடைக்கிறது. ஒரே தடவையில் கணக்குத் தீர்க்கப்பட்ட தோட்டத் தொழிலாளிக்குச் சக ஓய்வாளரோடு சேர்ந்து கேட்க அப்படி எதுவும் மிஞ்சுவதில்லை. அரச தோட்டங்களில் சேமலாப நிதியும் பணிக்கொடையும் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடந்தபோதுதான், அந்தக் கடன்காரத்தனமே முதியவர்களை ஒன்றாகத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

பணத்தை வாங்கித்தருவதே அயலுறவின் ஒரு பெரிய வேலை. அடையாள அட்டையில் ஒரு பேர், செக்ரோலில் ஒரு பேர், பிறப்புப் பதிவில் மூன்றாவது பேர். கிளாக்கர் ஆங்கிலத்தில் எழுதியது, பதிவாளர் சிங்களத்தில் எழுதியது, வீட்டில் அழைப்பது எல்லாம் வேறுவேறு. ராமாயி ஓரிடத்தில் ரமாய், இன்னோரிடத்தில் இராமாயம்மா. சேமலாப நிதியை எடுப்பதற்கான 'கே' படிவம் நிரப்பவும், சத்தியக் கடுதாசி முடிக்கவும், தொழில் திணைக்களத்துக்கு ஏறி இறங்கவும் லயத்தில் யாராவது ஒருவர் இருப்பார். ஒருகாலத்தில் அது தோட்டத் தலைவர். இப்போது பெரும்பாலும் ஏ.எல். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கும் பேரப்பிள்ளை, அல்லது கொழும்புக் கடையில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய பொடியன்.

சங்கங்களில் எதையாவது ஒன்றை நின்று பார்க்க வேண்டுமென்றால் மரண உதவிச் சங்கத்தைத்தான் பார்க்க வேண்டும். மாதச் சந்தா சிறியது. பதிலுக்கு, ஒரு சாவு விழுந்தால் வீட்டுக்காரர் பணத்துக்கு ஓட வேண்டியதில்லை. கூடாரம், நாற்காலி, கிடாரம், தேத்தண்ணிக்குச் சீனி, பெட்டிக்கு முன்பணம் எல்லாம் சங்கம் பார்த்துக்கொள்ளும். குழி வெட்ட யார் போவது, பாடை கட்ட மூங்கில் எங்கே வெட்டுவது, பக்கத்துத் தோட்டத்துக்குச் சேதி சொல்ல யார் போவது என்று முறை வைத்திருப்பார்கள். முன்பு தப்புச் சத்தத்தில் சேதி மலை தாண்டிப் போகும். கேட்கிற அடியை வைத்தே சாவா சாமியா என்று சொல்லிவிடுவார்கள். இன்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு படமும் இரண்டு வரியும் வந்துவிடுகின்றன. தப்பும் அடிக்கிறார்கள்.

இந்த இடத்தில் முதியவருக்கு வேறு எங்கும் கிடைக்காத ஒரு பதவி கிடைக்கிறது. எந்தக் குடும்பத்துக்கு எந்தக் குடும்பம் மாமன் மச்சான் முறை, கொள்ளிக்குடம் யார் எடுக்க வேண்டும், கோடித்துணி யார் வீட்டிலிருந்து வர வேண்டும், பதினாறாம் நாள் கருமாதிக்கு யாரை முதலில் அழைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் நாக்கில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டு ஊரிலிருந்து, ஆள் திரட்டிய கங்காணியோடு வந்த நாளிலிருந்து தொடங்கும் வம்சக் கணக்கு அது. திருச்சியா சேலமா, எந்தக் கிராமம், எந்தக் கும்பல் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இரவு முழுக்கப் பிணத்தோடு விழித்திருக்கும்போது ஒரு பக்கம் ஒப்பாரி, இன்னொரு பக்கம் கடுதாசி ஆட்டம், நடுவில் கிழவர்கள் பழைய துரைமார் கதையை எடுத்துவிடுவார்கள். தோட்டங்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டித் தந்த சி.வி. வேலுப்பிள்ளையின் வேலையை இன்று யாராவது மறுபடி தொடங்குவதென்றால், சாவு வீட்டு இரவுகளில்தான் முதலில் போய் உட்கார வேண்டியிருக்கும்.

சந்தா விஷயத்தில்தான் வில்லங்கம். சங்கத்துக்குச் சங்கம் விதி வேறு. சில இடங்களில் செக்ரோலில் பிடிக்கிறார்கள். அங்கே பேர் வெட்டியவுடன் சந்தா அறுந்துபோகும், பிறகு கையால் கட்ட வேண்டும். சில இடங்களில் காம்பராவுக்கு ஒரு பங்கு. ஒரே காம்பராவில் மூன்று அடுப்பு எரியும்போது ஒரு பங்கில் மூன்று குடும்பத்துச் சாவையும் எடுப்பதா என்று கூட்டத்தில் சண்டை வரும். வேலை செய்வோர் குறையக் குறைய, ஆபீஸ் மூலம் வரும் பணமும் குறைகிறது. முதியோர் தொகை பெருகுவதால் சாவு மட்டும் குறைவதில்லை. காப்புறுதிக் கம்பெனிக்காரருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே விளங்கும். ஆனாலும் எல்லாவற்றையும் மீறி இந்தச் சங்கங்கள் நிற்கின்றன. அரசியல் கட்சி மாறினாலும், தொழிற்சங்கம் பிளந்தாலும், சாவுக்கு வராதவர் என்ற பேரை வாங்க யாரும் துணிவதில்லை.

அன்றாட அயலுறவுக்கு வந்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இரண்டு வேறு முதுமைகள் தெரிகின்றன. பேர் வெட்டப்பட்ட ஆண் காலையில் சாயத்தண்ணி குடித்துவிட்டு வெளியே இறங்குகிறார். கோயில் திண்ணை, தோட்டத்துக் கடை, வீரகேசரி கிடக்கும் சலூன், பால் சேகரிக்கும் இடம் என்று அவருக்குச் சுற்றுவட்டம் உண்டு. மாலையில் சிலருக்குத் தவறணை. மாடு வைத்திருந்தால் புல்லறுக்கப் போவார். நுவரெலியாப் பக்கமென்றால் கரட், லீக்ஸ் தோட்டங்களில் அரைநாள் கூலிக்கும் ஆள் தேவைப்படும்.

பெண்ணுக்கு ஓய்வு என்பது ஏட்டில்தான். 50 வயதில் சேமலாப நிதியை எடுத்த அம்மாயி அடுத்த வாரமே கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க அதே மலைக்குப் போவதுண்டு. கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் கிடைக்கும். மகள் மலைக்கோ கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ போயிருந்தால் பேரப்பிள்ளை அவர் பொறுப்பு. பிள்ளைக் காம்பரா என்னும் குழந்தைகள் காப்பகத்தில் விடுவதும், கூட்டி வருவதும், ரொட்டி தட்டுவதும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்து ஒரு கண் வைத்திருப்பதும் அவரே. ஒரு லயத்தில் இரண்டு கிழவிகள் பகலில் இருந்தால்தான் பத்து வீடும் வேலைக்குப் போக முடியும் என்று சொன்னால் மிகையில்லை. சம்பளமில்லாத இந்தக் காவலைத் தோட்டத்துப் பொருளாதாரக் கணக்கில் யாரும் எழுதியதில்லை. அவர்களுடைய கூட்டம் நடப்பது தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், துணி துவைக்கும் கல்லில், விறகுப் பாதையில். சீட்டும் அங்கேதான் பேசப்படும். மாதம் ஆயிரம், இரண்டாயிரம் என்று பத்துப்பேர் போட்டு ஒருவர் எடுக்கிற அந்தச் சீட்டில் எழுத்து எதுவும் கிடையாது. பிடிப்பவர் ஒரு மூத்த பெண் என்ற நம்பிக்கை மட்டும்தான். மாதர் சங்கங்களில் வயதானவர்கள் குறைவு. அங்கே கூட்டம் வைப்பது பெரும்பாலும் பகலில், பேசுவது கடனும் சுயதொழிலும் பற்றி, தலைமை தாங்குவது எழுதப் படிக்கத் தெரிந்த நடுவயதுக்காரர்.

கோயிலில் முதியவரின் இடம் இன்னும் உயரத்தில் இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடியேற்றும் முன் கூடும் கமிட்டியில் இளைஞர்கள் கணக்கைப் பார்த்தாலும், எந்த லயம் எந்த நாள் பூசை என்பதில் பெரியவர்கள் சொன்னதுதான். மாசியில் காமன் கூத்து வரும்போது பேர் வெட்டிய ஆள் வாத்தியாராகிறார். காமன் பொட்டலில் கம்பம் நட்டதிலிருந்து மன்மதன் எரிகிற இரவு வரை ரதியும் மதனும் ஆடும் ஒவ்வோர் அடிக்கும் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர், நாலு மாதத்துக்கு முன் ஆபீஸ் வாசலில் தொப்பியைக் கழற்றி நின்றவராக இருக்கலாம். அந்தச் சில வாரங்கள் அவருக்கு முன்னால் சின்னக் கணக்கப்பிள்ளையும் கைகட்டி நிற்பார்.

இதையெல்லாம் சொல்லி லயத்தைச் சொர்க்கமாக்கிவிடக் கூடாது. கங்காணி காலத்தில் லயங்கள் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டவை. அதன் தழும்பு கல்யாணத்திலும் கோயில் முதல் மரியாதையிலும் தப்பு அடிப்பவரை நடத்துகிற முறையிலும் இன்றும் தெரியும். சாவு வீட்டில் எல்லோருக்கும் வேலை உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே வேலை இல்லை. அடுத்தது தொழிற்சங்கம். ஹட்டனைத் தளமாகக் கொண்டு நடேசய்யர் 1931 இல் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை சங்கம் என்றால் தோட்டத்தில் முதலில் நினைவுக்கு வருவது தொழிற்சங்கமே. தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், தொழிலாளர் தேசிய சங்கம், மலையக மக்கள் முன்னணி என்று ஒரே லயத்தில் மூன்று கொடி பறக்கும். தேர்தல் காலத்தில் பேசாமல் போன இரண்டு கிழவர்கள் அதே பகையோடு ஆயுளை முடித்ததும் உண்டு. அந்தச் சங்கங்களோ பேர் வெட்டியவரைத் தேடி வருவதில்லை. சந்தா தராத உறுப்பினர் அவர்கள் ஏட்டில் இல்லை. வாக்கு மட்டும் இருக்கிறது. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் அதையும் இழந்து, 2003 இன் சட்டம் வரை காத்திருந்தவர்களும் இந்த முதியவர்களுள் இருக்கிறார்கள் என்பதால் வாக்கு இங்கே சின்ன விஷயமில்லை.

அரசின் பக்கம் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தேசிய முதியோர் சபையை உருவாக்கியது. அதன் கீழ் கிராம உத்தியோகத்தர் பிரிவுதோறும் முதியோர் குழு அமைக்கலாம். பிரதேச செயலக மட்டத்திலும் மாவட்ட மட்டத்திலும் அவை இணையும். 60 கடந்தவருக்கு அடையாள அட்டை, ஒக்டோபர் 1 ஆம் திகதி முதியோர் தின விழா, மருத்துவ முகாம், யாத்திரை என்று சிங்களக் கிராமங்களில் இது ஓரளவு வேரூன்றியிருக்கிறது. விகாரையின் மண்டபமே கூடுமிடமாகிவிடுவது அங்கே வசதி.

தோட்டத்தில் அதே ஏற்பாடு தள்ளாடுகிறது. காரணம் எளிது. மலையகத்தில் ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குள் பல தோட்டங்களும் ஆயிரக்கணக்கான குடும்பங்களும் அடங்கும். மேல் பிரிவில் இருக்கும் 75 வயதுக்காரர் மாதக் கூட்டத்துக்காக ஆறு கிலோமீற்றர் இறங்கி ஏற வேண்டும். பஸ் இருந்தால் அதிர்ஷ்டம். கடிதம் சிங்களத்தில் வந்தால் அதை வாசிக்க இன்னொருவர் வேண்டும். உள்ளூராட்சியும் நீண்டகாலம் கைவிட்டது. 1987 இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டங்களுக்குச் செலவு செய்வதற்குக் குறுக்கே நின்றது. அது திருத்தப்பட்டது 2018 இல்தான். அம்பகமுவையும் நுவரெலியாவும் தலா மூன்று சபைகளாகப் பிரிந்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் வந்ததும் அதே காலத்தில். சபை பக்கத்தில் வந்திருக்கிறது; முதியவர் உட்காரும் மண்டபம் இன்னும் வரவில்லை. குழுவைத் தோட்டப் பிரிவுக்கு ஒன்றாக, லயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் அமைப்பதைத் தவிர வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் குறைந்து பூட்டிக் கிடக்கும் பழைய பிள்ளைக் காம்பராக்கள் இதற்குப் போதும். அவற்றுக்குக் கூரை இருக்கிறது, பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது, லயத்துக்கு நடுவில் இருக்கின்றன.

இப்போது லயமே கலைந்துகொண்டிருக்கிறது. இந்திய உதவியில் 4,000 தனிவீடுகள், 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் அறிவித்த இன்னும் 10,000 என்று ஏழு பேர்ச் காணியில் வீடுகள் எழுகின்றன. இதைக் குறை சொல்ல முடியாது. இருநூறு ஆண்டுக் கடன் அது. ஆனால் புதுவீட்டில் இஸ்தோப்பு இல்லை, பொதுச்சுவர் இல்லை, இருமல் யாருக்கும் கேட்பதில்லை. தனிக்குழாய் வந்ததால் பீலிக்கும் ஆளில்லை. பகலில் மகனும் மருமகளும் வெளியே, பேரன் பள்ளியில். லயத்தில் தனிமை என்பதையே அறியாத ஒரு தலைமுறை, வாழ்க்கையின் கடைசிப் பத்தாண்டில் முதல் தடவையாகத் துரைமாரின் நோயைப் பிடித்துக்கொள்கிறது. 2014 ஒக்டோபர் 29 இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்த பிறகு, உயிர் தப்பியவர்களில் பலர் நீண்டநாள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஒன்றாகவே இருந்தார்கள். பிறகு வீடுகள் கிடைத்தன. இப்படி ஓரிடத்தவரைப் பெயர்க்கும்போது யார் யாருக்குப் பக்கத்து வீடு என்பதை வரைபடம் போடுகிறவர் முதியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் பாதிச் சிக்கல் தீரும். குலுக்கல் சீட்டில் வீடு பிரிப்பது நியாயமானது. நாற்பது வருட அயலைப் பிரிப்பதும் அதுதான்.

எல்லாப் புதுவீட்டுக்காரருக்கும் காணி உறுதி கையில் வந்துவிட்டதா என்றால் இல்லை. லயத்தில் இருப்பவர்களிடமோ அது கிடையவே கிடையாது. உறுதி இருந்தால் வீடு முதியவர் பேரில் நிற்கும். பேர் வெட்டினாலும் மரண உதவிச் சங்கத்துப் பங்கு வீட்டோடு இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்துவம் தொடரும். மகன் கொழும்பில் இருந்தாலும் தாயை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தோட்டக் கம்பெனிகளின் நீண்டகாலக் குத்தகை 2045 இல் முடிகிறது. 1985 இல் பிறந்து இன்று மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு, சட்டப்படி ஓய்வு பெறும் 60 வயது நிறைவதும் அதே ஆண்டில்தான்.